தக்க காரணமுள்ள அச்சம் என்றால் எவ்வளவு அச்சம்?

இங்கிலாந்தில் அகதிகள் தொடர்பான சட்டத்தைப் படிக்கிற எவரும் தாண்டிப் போக முடியாத ஒரு தமிழ்ப் பெயர் இருக்கிறது: சிவகுமாரன். நீதிபதியோ வக்கீலோ அல்ல. 1987இல் அசைலம் (அகதியாக அடைக்கலம்) கேட்டு, மறுக்கப்பட்டு, லண்டனில் வழக்குப் போட்ட ஆறு இலங்கைத் தமிழர்களில் ஒருவர். அந்த வழக்கில் அவர்கள் தோற்றார்கள். ஆனால் அவர்களைத் தோற்கடித்த தீர்ப்பில் நீதிபதிகள் எழுதிய ஒரு சின்னச் சொற்றொடர்தான், அதற்கப்புறம் முப்பது வருடங்களுக்கு மேல், ஈரானியர், சோமாலியர், ஆப்கானியர், ஈழத்தமிழர் என்று அந்த நாட்டில் அசைலம் கேட்ட அத்தனை பேருடைய கேஸையும் அளக்கிற படியாக இருந்தது.

ஒரு வழக்கு எப்படி இவ்வளவு தூரம் போகும்? சட்டம் போடுவது பாராளுமன்றம், நீதிமன்றம் அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும், அவ்வளவுதானே என்று நினைப்போம். அகதிச் சட்டத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. அது ஏன் என்று பிடிபட்டுவிட்டால் ‘கடைசி நிமிடத்தில் விமானத்தை நிறுத்திய நீதிமன்றம்’, ‘ஹங்கேரிக்கு 20 கோடி யூரோ அபராதம்’ மாதிரியான செய்தித் தலைப்புகளும் புரிய ஆரம்பிக்கும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது 1951 ஜூலையில் ஜெனீவாவில் எழுதப்பட்ட அகதிகள் உடன்படிக்கை. இரண்டாம் உலகப் போரில் ஊரிழந்து நின்ற ஐரோப்பியர்களை மனதில் வைத்து எழுதியது. 1967இல் ஒரு துணை ஒப்பந்தம் போட்டு, எந்தக் காலத்து, எந்த ஊர் அகதிக்கும் பொருந்தும்படி ஆக்கினார்கள். அதன்படி, இனம், மதம், தேசிய இனம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது என்ற ஐந்து காரணங்களில் ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க காரணமுள்ள அச்சத்தோடு சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர், தன் நாட்டு அரசின் பாதுகாப்பை நம்பி நிற்க முடியாதவர், அகதி. அவரை அந்த ஆபத்துக்குள் திருப்பி அனுப்பக் கூடாது. மையம் இவ்வளவுதான்.

வாசிக்கும்போது தெளிவாகத்தான் தெரியும். ஒரு ஆளை முன்னால் உட்கார வைத்து இதைப் பொருத்திப் பார்க்கும்போதுதான் சிக்கல். தக்க காரணம் என்றால் எவ்வளவு காரணம்? பத்தில் ஒரு பங்கு ஆபத்து போதுமா, பாதிக்கு மேல் வேண்டுமா? ‘சமூகக் குழு’ என்பது யார்? பெண்கள் எல்லோரும் ஒரு குழுவா? தன் அடையாளத்தை மறைத்து வாழ்ந்தால் ஒருவர் தப்பித்துக்கொள்ளலாம் என்றால், அவர் மறைத்து வாழவேண்டும் என்று சொல்லலாமா? எழுதியவர்கள் இதற்கெல்லாம் பதில் எழுதி வைக்கவில்லை. இந்த உடன்படிக்கைக்கென்று தனி நீதிமன்றமும் கிடையாது. கையெழுத்திட்ட நாடுகளுக்குள் தகராறு வந்தால் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது, ஆனால் அந்தக் கதவு நாடுகளுக்கு மட்டும்; அகதிக்குத் திறக்காது. ஐ.நா.வின் அகதிகள் முகமை கையேடு போட்டிருக்கிறது, நல்ல கையேடுதான், ஆனால் எந்த அரசையும் அது கட்டுப்படுத்தாது. ஆக, சொற்களுக்குப் பொருள் சொல்லும் வேலை அந்தந்த நாட்டு நீதிபதிகள் தலையில் வந்து விழுந்தது.

சரி, அந்த ஆறு பேருக்கு வருவோம்.

இலங்கையில் சண்டை நடக்கிறது, ஆனால் தமிழர் என்பதற்காக மட்டும் எல்லோரும் துன்புறுத்தப்படவில்லை, உங்கள் ஆறு பேருக்கும் தனிப்பட்ட ஆபத்து இல்லை என்று சொல்லி பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் விண்ணப்பங்களை மறுத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது: அச்சம் என்பது மனதில் இருப்பது, இவர்கள் நிலையில் இருக்கும் ஒரு சாதாரண ஆளுக்குப் பயம் வரும் என்றால் போதும். அரசு விடவில்லை. 2009இல் உச்ச நீதிமன்றம் வரும்வரை அந்த நாட்டின் கடைசி நீதிமன்றமாக இருந்தது பிரபுக்கள் சபை. அங்கே கொண்டு போனார்கள். 1987 டிசம்பரில் தீர்ப்பு அரசுக்குச் சாதகமாக வந்தது. பயம் இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பயத்துக்கு வெளியே, உண்மை நிலவரத்தில், ஆதாரம் இருக்க வேண்டும் என்றார்கள். எவ்வளவு ஆதாரம்? இங்கேதான் அந்தச் சொற்றொடர் வருகிறது: துன்புறுத்தல் நடப்பதற்கு ‘ஓரளவு நியாயமான சாத்தியம்’ இருந்தால் போதும்.

சாதாரண சிவில் வழக்கில் நீங்கள் சொல்வது உண்மையாக இருப்பதற்கு வாய்ப்பு பாதிக்கு மேல் என்று நீதிபதியை நம்ப வைக்க வேண்டும். கடன் கொடுத்தேன் என்று வழக்குப் போட்டால் அதுதான் அளவு. அசைலத்தில் அவ்வளவு தேவையில்லை என்று ஆகிவிட்டது. கொஞ்சம் யோசித்தால் நியாயம் தெரியும். கடன் வழக்கில் நீதிபதி தவறு செய்தால் பணம் போகும், இங்கே தவறு செய்தால் ஆள் போவார். ஓடி வந்தவர் கையில் தன்னைப் பிடித்த அதிகாரி கொடுத்த ரசீதா இருக்கப் போகிறது? இந்த ஆறு பேருக்கு அந்தக் குறைந்த அளவும் உதவவில்லை. பின்னால் வந்த ஆயிரக்கணக்கானோருக்கு உதவியது.

அவர்களில் ஐந்து பேர் 1988 பிப்ரவரியில் கொழும்புக்கு அனுப்பப்பட்டார்கள். கதை அதோடு முடியவில்லை. அங்கிருந்தபடியே லண்டனில் அப்பீல் செய்தார்கள். 1989 மார்ச்சில் அந்த அப்பீலைக் கேட்ட அதிகாரி, இவர்களுக்கு ஆரம்பத்திலேயே தக்க காரணமுள்ள அச்சம் இருந்தது, அனுப்பியது தவறு என்று முடிவு சொன்னார்; அவர்கள் மறுபடி இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார்கள். இதற்கிடையில் வழக்கு இன்னொரு நீதிமன்றத்துக்கும் போயிருந்தது, வில்வராஜா என்ற பெயரில். அந்த நீதிமன்றத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஐரோப்பாவில் இரண்டு பெரிய நீதிமன்றங்கள் இருக்கின்றன, பத்திரிகைகளே இரண்டையும் போட்டுக் குழப்பும். ஒன்று பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். இது ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பே அல்ல; 46 நாடுகள் சேர்ந்த ஐரோப்பிய கவுன்சில் என்ற வேறொரு அமைப்புடையது. பிரிட்டன், சுவிட்சர்லாந்து, நார்வே, துருக்கி எல்லாம் இதற்குள் வரும். 1950இல் ரோமில் கையெழுத்தான மனித உரிமை உடன்படிக்கையை ஒரு நாடு மீறியதா என்று பார்ப்பது இதன் வேலை. தனி மனிதர் நேராகவே வழக்குப் போடலாம், ஆனால் சொந்த நாட்டில் எல்லாப் படியும் ஏறி முடித்திருக்க வேண்டும். மற்றது லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம். 27 உறுப்பு நாடுகளுக்கு மட்டும். இங்கே அகதி நேராகப் போக முடியாது. ஏதோ ஒரு நாட்டு நீதிபதி, ‘இந்த ஒன்றியச் சட்டத்தில் இந்த வரிக்கு என்ன பொருள்?’ என்று கேள்வி அனுப்புவார், அவர்கள் பதில் எழுதுவார்கள், அந்தப் பதில் 27 நாடுகளையும் கட்டும். பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் பிரிட்டன் லக்சம்பர்க்கை விட்டு வெளியே வந்துவிட்டது, ஸ்ட்ராஸ்பூர்க்கில் இன்னும் இருக்கிறது. இது ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

இதில் ஒரு வேடிக்கை. ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் காவல் காக்கிற உடன்படிக்கையில் அசைலம் பெறும் உரிமை என்று ஒரு வரிகூடக் கிடையாது. மூன்றாவது பிரிவு சொல்வதெல்லாம் யாரையும் சித்திரவதை செய்யக்கூடாது, மனிதத்தன்மையற்ற அல்லது இழிவான முறையில் நடத்தவோ தண்டிக்கவோ கூடாது என்பது மட்டுமே. அது அரசு தானே செய்யும் கொடுமையைப் பற்றியது என்றுதான் யாரும் படிப்பார்கள். 1989 ஜூலையில் சோரிங் வழக்கில் நீதிமன்றம் அந்த வரியை நீட்டிப் படித்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு ஜெர்மானிய இளைஞனை பிரிட்டன் அமெரிக்காவின் வர்ஜீனியாவிடம் ஒப்படைக்க இருந்தது. அங்கே மரண தண்டனைக் கொட்டடியில் வருடக்கணக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும். நீ அடிக்காவிட்டாலும், அடி விழும் என்று தெரிந்தே ஒருவனை அந்த இடத்துக்கு அனுப்பினால் அதுவும் மீறல்தான் என்றார்கள். அகதிக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ஐரோப்பாவில் நாடுகடத்தலுக்கு எதிராக வந்த பெரும்பாலான தீர்ப்புகளின் வேர் இங்கேதான். அகதி உடன்படிக்கை கேட்கும் அந்த ஐந்து காரணங்களில் எதுவும் இல்லாதவருக்கும் இது பொருந்தும். 1996இல் ஒரு சீக்கியரின் வழக்கில், நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று அரசு சொன்னாலும் சித்திரவதைக்கு அனுப்பக் கூடாது, இதில் விதிவிலக்கே இல்லை என்று இன்னும் இறுக்கினார்கள்.

வில்வராஜா வழக்கில் ஸ்ட்ராஸ்பூர்க் தீர்ப்பு 1991 அக்டோபரில் வந்தது. அந்த ஐந்து பேரும் மறுபடி தோற்றார்கள். திருப்பி அனுப்பப்பட்ட பின் அவர்களில் மூவர் அங்கே மோசமாக நடத்தப்பட்டார்கள் என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனாலும், மற்றத் தமிழர்களிடமிருந்து இவர்களைப் பிரித்துக் காட்டும் தனி அடையாளம் எதுவும் இல்லை, இப்படி நடக்கும் என்று பிரிட்டன் அன்று கண்டுகொண்டிருக்க முடியாது, வெறும் சாத்தியம் போதாது என்று எழுதினார்கள். இந்தப் பகுதியை எப்போது படித்தாலும் எனக்கு ஒரு மாதிரிதான் இருக்கும். ‘உன்னைத் தனியாகக் குறி வைத்தார்கள் என்று காட்டு’ என்ற அந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டு பிற்பாடு எத்தனை அரசுகள் எத்தனை பேரை அனுப்பப் பார்த்தன!

அதைத் தளர்த்தவும் ஒரு தமிழர் வழக்குத்தான் உதவியது. 2007இல் இலங்கையில் போர் மறுபடி மூண்டிருந்தது, பிரிட்டன் நாடுகடத்திக்கொண்டிருந்தது. வழக்கு முடியும்வரை ஆளை அனுப்பாதே என்று அவசரமாக ஓர் இடைக்கால உத்தரவு போட ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றத்துக்கு வழி உண்டு, 39ஆவது விதி என்பார்கள். பிரிட்டனில் இருந்த தமிழர்களுக்கு மட்டும் 300க்கும் மேற்பட்ட முறை அந்த உத்தரவைப் போட வேண்டி வந்தது. அந்தக் குவியலிலிருந்து என்.ஏ. என்று எழுத்தால் மட்டும் குறிக்கப்பட்ட ஒருவரின் வழக்கை எடுத்து 2008 ஜூலையில் தீர்ப்புச் சொன்னார்கள். 1990களில் ராணுவம் அவரைப் பலமுறை பிடித்து விட்டிருக்கிறது, உடம்பில் தழும்பு, கைரேகையும் போட்டோவும் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் பெரிய ஆபத்து தெரியாது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி, விமான நிலையத்தில் இறங்கும்போது என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். அவரை அனுப்பினால் மூன்றாவது பிரிவு மீறப்படும் என்று முடிவானது. கூடவே, ஒரு நாட்டில் வன்முறை உச்சத்துக்குப் போய்விட்டால், அல்லது ஒரு குழுவே திட்டமிட்டுக் கொடுமைப்படுத்தப்பட்டால், தனி அடையாளம் எதுவும் காட்டத் தேவையில்லை என்றும் தெளிவுபடுத்தினார்கள்.

சுவிட்சர்லாந்தில் நடந்தது இன்னும் நேரடியானது. விடுதலைப் புலிகள் அமைப்பில் இருந்த ஒருவரை 2013 ஆகஸ்டில் இலங்கைக்கு அனுப்பினார்கள். இறங்கியதும் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த மாதமே சுவிஸ் அரசு இலங்கைக்கான நாடுகடத்தலை நிறுத்தி வைத்தது. 2015இல் அவர் திரும்பி வந்தார். 2017 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பூர்க் தீர்ப்பு, சுவிஸ் அதிகாரிகளின் மீது: உங்களிடம் இருந்த தகவலை ஒழுங்காகப் பார்த்திருந்தாலே ஆபத்து தெரிந்திருக்கும். சொல்லப்போனால், நல்ல மேலதிகாரி தன் கீழ் வேலை செய்பவரிடம் சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்ல ஒரு சர்வதேச நீதிமன்றம் தேவைப்பட்டிருக்கிறது.

இதுவரை பார்த்தது ஆளைச் சொந்த நாட்டுக்கு அனுப்புவது பற்றி. ஐரோப்பாவுக்குள்ளேயே அனுப்புவது வேறு தலைவலி. டப்ளின் விதி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், புலம்பெயர்ந்தவர்கள் வீட்டில் ‘பிங்கர் அடிச்சாச்சு’ என்று கவலையோடு பேசுவது இதைப் பற்றித்தான். பெரும்பாலும், எந்த நாட்டில் முதலில் கால் வைத்துக் கைரேகை பதிந்ததோ அந்த நாடுதான் கேஸை விசாரிக்க வேண்டும். கணினியில் கைரேகை பொருந்தினால் அங்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஓர் ஆப்கானியர் கிரீஸ் வழியாக வந்து பெல்ஜியத்தில் அசைலம் கேட்டார், 2009 ஜூனில் அவரைக் கிரீஸுக்கு அனுப்பினார்கள், அங்கே நெரிசலான தடுப்பு அறை, அப்புறம் ஏதென்ஸில் ஒரு பூங்காவில் படுக்கை. கிரீஸும் எல்லா உடன்படிக்கையிலும் கையெழுத்துப் போட்ட நாடுதானே, நாங்கள் எப்படிச் சந்தேகப்படுவது என்றது பெல்ஜியம். 2011 ஜனவரியில் நீதிமன்றம் இரண்டு நாடுகளையும் குற்றவாளியாக்கியது. கையெழுத்தைப் பார்க்காதே, அங்கே நடப்பதைப் பார். அதே வருடம் டிசம்பரில் லக்சம்பர்க்கும் இதையே தன் மொழியில் சொல்ல, கிரீஸுக்கு அனுப்புவது வருடக்கணக்கில் நின்றது. பாராளுமன்றம் எதுவும் கூடி மாற்றவில்லை, விதியில் ஒரு எழுத்தும் மாறவில்லை, ஒருவர் பூங்காவில் படுத்திருந்ததால் ஒரு கண்டத்தின் நடைமுறை மாறியது.

கடலில் நடந்தது இதைவிடப் பெரிய கதை, முடிவுதான் அவ்வளவு நன்றாக இல்லை. 2009 மே மாதம் லிபியாவிலிருந்து வந்த சுமார் 200 பேரை, இத்தாலியின் லம்பேதுசா தீவுக்குத் தெற்கே நடுக்கடலில் இத்தாலியக் கப்பல்கள் ஏற்றி, எங்கே கொண்டு போகிறோம் என்றுகூடச் சொல்லாமல் திரிபோலியில் இறக்கிவிட்டன. இத்தாலி மண்ணில் யாரும் கால் வைக்கவில்லையே என்பது அரசின் வாதம். உன் கப்பல் ஓடும் இடமெல்லாம் உன் பொறுப்பு என்று 2012 பிப்ரவரியில் நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்டவர்களுக்குத் தலா 15,000 யூரோ. மனித உரிமைக்காரர்கள் கொண்டாடினார்கள். அரசுகள் அந்தத் தீர்ப்பை வேறு மாதிரிப் படித்தன: நம் கப்பல் என்றால்தானே பொறுப்பு? 2017இல் இத்தாலி லிபியாவோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, லிபியாவின் கடலோரக் காவல்படைக்குப் படகும் பயிற்சியும் கொடுத்தது. இப்போது இழுத்துக்கொண்டு போவது அவர்கள். அப்படி நடந்த ஒரு சம்பவத்தைப் பற்றிய வழக்கை 2025இல் ஸ்ட்ராஸ்பூர்க், இது இத்தாலியின் அதிகார வரம்புக்குள் வராது என்று ஏற்க மறுத்துவிட்டது. தீர்ப்பு ஒரு கதவை மூடினால் அரசுகள் அடுத்த ஜன்னலைத் தேடும்.

நீதிமன்றங்கள் எப்போதும் அகதி பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். மொராக்கோவை ஒட்டி ஸ்பெயினுக்குச் சொந்தமான மெலில்யா என்ற ஊர் இருக்கிறது, சுற்றிலும் உயரமான வேலி. 2014இல் கூட்டமாக அந்த வேலியில் ஏறி வந்த இரண்டு ஆப்பிரிக்கர்களை, பெயர்கூடக் கேட்காமல் அப்படியே திருப்பித் தள்ளினார்கள். 2017இல் ஸ்ட்ராஸ்பூர்க் இது தவறு என்றது. 2020இல் அதே நீதிமன்றத்தின் 17 நீதிபதிகள் கொண்ட பெரிய அமர்வு, முறையான வழி இருந்தும் அதை விட்டுவிட்டு வேலி ஏறியது அவர்கள் செய்த தவறு என்று மாற்றிச் சொல்லிவிட்டது. அந்த முறையான வழியில் ஒரு கறுப்பின ஆப்பிரிக்கர் உண்மையில் போய்ச் சேர முடியுமா என்பதுதான் விமர்சகர்களின் கேள்வி; எனக்கும் அந்தக் கேள்வி உண்டு.

லக்சம்பர்க்கின் பாணி வேறு. ஸ்ட்ராஸ்பூர்க் ‘அனுப்பாதே’ என்று மட்டும் சொல்லும். அனுப்பாமல் வைத்திருப்பவருக்கு என்ன அந்தஸ்து, என்ன விசா என்பது ஒன்றியச் சட்டத்தில் இருக்கிறது, அதை விளக்குவது லக்சம்பர்க். அகதி அந்தஸ்துக்கு அடுத்தபடியாக ‘துணைப் பாதுகாப்பு’ என்று ஒன்று உண்டு, ஐந்து காரணங்களுக்குள் வராதவர் திரும்பிப் போனால் மரண தண்டனையோ சித்திரவதையோ போரின் கண்மூடித்தனமான வன்முறையோ காத்திருக்கிறது என்றால் கிடைக்கும். இதிலும் ஓர் இலங்கையர் வழக்கு இருக்கிறது. மாணவராக பிரிட்டனுக்கு வந்தவர், அதற்கு முன்பே இலங்கையில் சித்திரவதைக்கு ஆளானவர். இனிமேல் சித்திரவதை செய்ய மாட்டார்கள் என்று தீர்ப்பாயம் முடிவு கட்டியது. ஆனால் பழைய சித்திரவதை மனதை உடைத்துவிட்டிருந்தது, அனுப்பினால் தற்கொலை செய்துகொள்ளும் நிலை. பிரிட்டன் ஒன்றியத்தில் இருந்த காலம் என்பதால் அதன் உச்ச நீதிமன்றம் லக்சம்பர்க்கிடம் கேட்டது. 2018 ஏப்ரலில் வந்த பதில்: சித்திரவதை செய்த நாடே, அதன் விளைவுக்கான சிகிச்சையை வேண்டுமென்றே மறுக்கும் உண்மையான அபாயம் இருந்தால், துணைப் பாதுகாப்புக்குத் தகுதி உண்டு. ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மருத்துவமனை இல்லை, மருந்து இல்லை என்றால் போதாது.

தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் விஷயத்தில் இந்த நீதிமன்றம் செய்தது முக்கியமானது. ஊரில் மறைத்து வாழ்ந்துகொள் என்று அனுப்பக் கூடாது என்று 2013இல் சொன்னது. (பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அதை 2010லேயே சொல்லிவிட்டது.) நிரூபிப்பதற்கென்று அந்தரங்க வீடியோ கொண்டு வரச்சொல்வது, அப்படிப்பட்ட ‘பரிசோதனை’ செய்வது எல்லாம் கூடாது என்று 2014இல். ஹங்கேரியில் ஒருவரை மழையில் நிற்கும் மனிதரை வரை என்பது போன்ற உளவியல் சோதனைகள் வைத்து, நீ சொல்வதை உறுதிப்படுத்த முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். 2018இல் அதையும் தள்ளுபடி செய்தது. பெண்கள் கேள்விக்குப் பதில் வர இன்னும் நாளானது. 1999இல் பிரபுக்கள் சபை பாகிஸ்தானியப் பெண்கள் இருவர் வழக்கில் வழி காட்டியிருந்தாலும், ஒரு நாட்டின் பெண்கள் முழுவதுமே ‘குறிப்பிட்ட சமூகக் குழு’ ஆகலாம் என்று லக்சம்பர்க் சொன்னது 2024 ஜனவரியில்தான். அதே வருடம் அக்டோபரில் தாலிபான் ஆட்சியில் ஆப்கானியப் பெண்களுக்கு, பெண் என்பதும் ஆப்கானியர் என்பதும் உறுதியானால் போதும், தனித்தனிக் கதை தேவையில்லை என்றார்கள். 1951இல் எழுதிய ஐந்து காரணங்களில் ‘பெண்’ என்ற சொல்லே இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

பெரிய கோட்பாடுகளை விட்டுவிட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான கேஸ்கள் ஸ்ட்ராஸ்பூர்க்குக்கும் போகாது, லக்சம்பர்க்குக்கும் போகாது. ஒரு சின்ன அறையில், ‘உன்னை நம்புகிறேனா இல்லையா’ என்ற ஒற்றைக் கேள்வியில் முடிந்துவிடும். 2011இல் பிரிட்டனில் அசைலம் கேட்ட ஒரு தமிழருக்கு முதுகிலும் கையிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்ட தழும்புகள். கையில் சூடு வைத்ததில் மயங்கிக் கிடந்தபோது முதுகில் சுட்டார்கள் என்று அவர் சொன்னதோடு தழும்புகள் பொருந்துகின்றன என்று மருத்துவர் எழுதினார். தீர்ப்பாயமோ, அவரே வேறு யாரையாவது வைத்துச் சுட்டுக்கொண்டிருக்கலாம் என்றது. அசைலத்துக்காகவே மயக்க ஊசி போட்டுக்கொண்டு, ஆள் வைத்து முதுகைச் சுட்டுக்கொள்வது! 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது: அப்படி நடப்பது மிக மிக அரிதாகத்தான் இருக்கும், மருத்துவர் தழும்பை மட்டுமல்ல, அது எப்படி வந்தது என்று சொல்லும் கதையோடு பொருந்துகிறதா என்பதையும் எழுதலாம், அதற்கு மதிப்புக் கொடு. வழக்கு மறு விசாரணைக்குத் திரும்பிப் போனது. தழும்போடு வருகிற ஒவ்வொருவருடைய வக்கீலும் இன்று எடுத்துக் காட்டும் தீர்ப்பு இது.

இதற்கெல்லாம் அரசியல்வாதிகள் சும்மா இருக்கவில்லை. சிவகுமாரன் வழக்கின் அந்தக் குறைந்த அளவைக்கூட பிரிட்டிஷ் பாராளுமன்றம் 2022இல் மாற்றியது. அச்சத்தின் காரணம் என்ன, அச்சம் உண்மையிலேயே இருக்கிறதா என்பதை இனிப் பாதிக்கு மேல் நிரூபிக்க வேண்டும், திரும்பினால் வரும் ஆபத்துக்கு மட்டும் பழைய அளவு. அதே வருடம் ருவாண்டா திட்டம். படகில் வந்தவர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடுவது, கேஸை அங்கேயே பார்ப்பார்கள். 2022 ஜூன் 14 இரவு முதல் விமானம் தயாராக நிற்க, அந்த 39ஆவது விதி உத்தரவு வந்து பறக்காமல் போனது. 2023 நவம்பரில் பிரிட்டனின் சொந்த உச்ச நீதிமன்றமே ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சட்டவிரோதம் என்றது. ருவாண்டா அதிகாரிகள் சிரியா, ஆப்கானிஸ்தான், ஏமன் போன்ற போர் நாடுகளிலிருந்து வந்த விண்ணப்பங்களை 100 சதவீதம் மறுத்திருந்தார்கள் என்ற சான்று நீதிபதிகள் முன்னால் இருந்தது. அரசு என்ன செய்தது? ருவாண்டா பாதுகாப்பான நாடுதான், நீதிபதிகள் அப்படித்தான் கருத வேண்டும் என்று 2024 ஏப்ரலில் ஒரு சட்டமே போட்டது. கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு இது வெயில் என்று சட்டம் போட்ட மாதிரி. ஜூலையில் ஆட்சி மாறித் திட்டம் கைவிடப்பட்டது.

ஹங்கேரி வேறு வழியைப் பிடித்தது: தீர்ப்பைக் கண்டுகொள்ளாமல் விட்டது. அதன் அசைலம் நடைமுறை தவறு என்று சொன்ன 2020 தீர்ப்பை நிறைவேற்றாததற்காக 2024 ஜூனில் லக்சம்பர்க் 20 கோடி யூரோ அபராதம் போட்டு, நிறைவேற்றும்வரை நாளுக்கு 10 லட்சம் யூரோ என்றும் சேர்த்தது. நீதிமன்றத்திடம் போலீஸ் கிடையாது, பணம்தான் அதன் கையில் இருக்கும் தடி. 2025 மே மாதத்தில் இத்தாலியும் டென்மார்க்கும் முன்னால் நிற்க ஒன்பது நாடுகள் சேர்ந்து, ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் உடன்படிக்கையை ரொம்பத்தான் நீட்டிப் படிக்கிறது என்று பகிரங்கக் கடிதம் எழுதின. அந்தக் குற்றச்சாட்டை முழுதாகத் தள்ளிவிட முடியாது, சோரிங் வழக்கில் நீட்டித்தான் படித்தார்கள். ஆனால் நீட்டாமல் படித்திருந்தால் அந்த வரி யாருக்குப் பயன்பட்டிருக்கும் என்பதையும் அந்தக் கடிதத்தில் யாராவது எழுதியிருக்கலாம்.

இப்போது சூடாக இருக்கும் சண்டை ‘பாதுகாப்பான நாடு’ பற்றியது. ஒரு நாட்டைப் பாதுகாப்பானது என்று பட்டியலில் சேர்த்துவிட்டால் அங்கிருந்து வருபவரின் கேஸை அவசர அவசரமாக முடித்துவிடலாம். இத்தாலி, கடலில் பிடித்தவர்களை அல்பேனியாவில் ஒரு மையத்தில் வைத்து இப்படி முடிக்கத் திட்டமிட்டு, 2024 அக்டோபரில் வங்கதேசத்தையும் எகிப்தையும் சேர்ந்த 16 பேரைக் கப்பலில் கொண்டு போனது. சில நாட்களில் ரோம் நீதிமன்றம் தடுப்புக் காவலை ஏற்க மறுக்க, எல்லோரையும் இத்தாலிக்கே கொண்டுவர வேண்டியதாயிற்று. 2025 ஆகஸ்ட் 1 அன்று லக்சம்பர்க் சொன்னது: பட்டியலைச் சட்டமாகவே போட்டாலும் நீதிபதி அதைச் சரிபார்க்கலாம், எந்தத் தகவலை வைத்துப் பட்டியல் போட்டாய் என்பது விண்ணப்பதாரருக்குத் தெரிய வேண்டும், அப்புறம் ஒரு நாடு சிலருக்கு மட்டும் பாதுகாப்பு, சிலருக்கு இல்லை என்றால் அது பாதுகாப்பான நாடு அல்ல.

கடைசியாகச் சொன்னதை ஒன்றியத்தின் புதிய சட்டம் மாற்றுகிறது. 2024இல் நிறைவேறி, 2026 ஜூன் 12 முதல் நடைமுறை என்று தேதி குறித்த புதிய விதிகளின்படி, சில வகை மக்களை விலக்கிவிட்டு மற்றவர்களுக்கு ஒரு நாட்டைப் பாதுகாப்பானது என்று அறிவிக்கலாம். ஒரு நிபந்தனை: விலக்கப்படுபவர்கள் ‘தெளிவாக அடையாளம் காணக்கூடிய’ வகையினராக இருக்க வேண்டும். தன் அடையாளத்தை ஊரில் மறைத்தே வாழ்ந்த ஒருவர் அந்த வகைக்குள் வருவாரா என்று சட்டத்தில் எழுதவில்லை. அதற்கு எங்கேயாவது ஒருவர் மறுக்கப்பட்டு, ஒரு வக்கீலைப் பிடித்து, வழக்குப் போட வேண்டியிருக்கும்.